பேர் எழுதாத தப்பு

நான் பொறுப்பாக இருந்த அருங்காட்சியகத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, கழிவறை எங்கே என்பது. அதற்கடுத்தது, இதையெல்லாம் எதற்கு எடுத்து வைத்திருக்கிறீர்கள் என்பது. முதல் கேள்விக்கு வேலையில் சேர்ந்த அன்றே எனக்குப் பதில் தெரிந்திருந்தது. இரண்டாவதற்கு ஓய்வு பெறும்வரை ஒரு நல்ல பதில் கிடைக்கவில்லை.

ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடும்பங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருந்த பழைய லயத்தின் நடுச்சுவர்களை இடித்து, அறைகளைப் பெரிதாக்கி அந்த இடத்தை உண்டாக்கியிருந்தார்கள். வாசல் பலகையில் 'நூதனசாலை' என்று இருந்தது. அரசாங்கத் தமிழில் அருங்காட்சியகத்துக்கு அதுதான் பெயர். பலகையைப் பார்த்து உள்ளே வந்த ஓர் அம்மா, கொழுந்துக் கூடை, செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, தகரப் பெட்டி, அரிக்கன் லாம்பு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, நூதனமாக ஒன்றும் இல்லையே, எல்லாம் எங்கள் வீட்டில் கிடந்து தூக்கிப்போட்டதுதானே என்றார். குறையாகச் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் இன்னொரு சுற்றும் பார்த்தார்.

அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஈரம், பூச்சி, பூஞ்சணம், கையுறை பற்றியெல்லாம் பயிற்சி கொடுத்திருப்பார்கள். என்னைவிட நன்றாகவே கொடுத்திருப்பார்கள். கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் தப்பு எப்படி வந்தது என்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்போது கூட இருந்தவர்களில் வேலையில் மிஞ்சியவள் நான்தான், நானும் இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

அதைக் கொண்டுவந்தவர் சண்முகம். மரக்கறி லொறி ஓட்டுபவர். கந்தப்பளையில் லீக்ஸும் கரட்டும் ஏற்றிக்கொண்டு ஹட்டன், கினிகத்தேனை வழியாகக் கொழும்புக்குப் போவார். ஒரு நாள் லொறியை வாசலில் நிறுத்திவிட்டு, உரப்பையில் சுற்றிய ஒன்றை இறக்கினார். பின்னால் மூட்டைகளோடு போடாமல், பக்கத்து சீட்டில் வைத்துக் கயிற்றால் கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

உள்ளே தப்பு இருந்தது. வட்ட மரச்சட்டம், அதில் இழுத்துக் கட்டிய தோல், இரண்டு குச்சிகள். தோல் புகை பிடித்துக் கறுத்திருந்தது. லயத்தில் அடுப்புக்கு மேலே வைத்திருந்ததாகவும், புகை படப் படத்தான் மலைநாட்டு ஈரத்தில் தோல் கெடாமல் இருந்தது என்றும் சண்முகம் சொன்னார். லயத்தை உடைத்துத் தனி வீடு கட்டிக் கொடுக்கிறார்கள், புது வீட்டில் கேஸ் அடுப்பு, இதை வைக்க இடமில்லை என்றார்.

அவருடைய அப்பா அவர்களுடைய தோட்டத்தின் தப்புக்காரர். விடியும் முன்னே லயத்துக்கு லயம் போய்த் தப்படித்து, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்கு ஆட்களை எழுப்பி அனுப்புவார். சாவு விழுந்தாலும் அவர்தான், தேர் இழுத்தாலும் அவர்தான். தேரன்று எல்லாருக்கும் முன்னால் நடப்பார். சாப்பாடு போடும்போது எல்லாருக்கும் கடைசியில் உட்காருவார். சண்முகம் இதை வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. எந்தப் பாதையில் எத்தனை வளைவு என்று சொல்வதுபோலச் சொன்னார்.

பொருள் கொடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் பெயர் எழுதப்படுமா என்று கேட்பார்கள். சிலர் எழுத்தின் அளவையும் கேட்பார்கள். சண்முகம் கேட்டது வேறு.

"தோட்டத்துல யாரும் எங்கப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல மிஸ். தப்புக்காரன், அவ்வளவுதான். அட்டையில அவரு பேரை எழுதுவீங்கன்னா வச்சிட்டுப் போறேன். இல்லாட்டி எடுத்துட்டுப் போயிடுறேன்."

பெயரைக் கேட்டேன். காத்தமுத்து என்றார். எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுப்பது அருங்காட்சியக விதிகளில் இல்லை. அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது. பிறகு அதிலும் கையெழுத்து வாங்கினேன்.

அட்டையை மூன்று மொழியிலும் அச்சடிக்கக் கொடுத்தோம். மேலே கொட்டை எழுத்தில் 'தப்பு' என்றும், கீழே 'இதை அடித்தவர்: காத்தமுத்து' என்றும், அதற்குக் கீழே தோட்டத்தின் பெயரும். அச்சகத்திலிருந்து கூப்பிட்டு, மேலே தப்பு என்று பெரிதாகப் போட்டிருக்கிறதே, என்ன தப்பு, திருத்திவிடவா என்று கேட்டார்கள். திருத்த வேண்டாம், அப்படியே போடுங்கள் என்றேன்.

அந்தச் சமயத்தில் புதிய அறையைத் திறப்பதற்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. கொழும்பிலிருந்து ஓர் உயர் அதிகாரி பிரதம விருந்தினராக வருவதாக இருந்தார். கண்ணாடிப் பெட்டிகளை இலவசமாகச் செய்து கொடுத்தவர், கினிகத்தேனையில் இரும்புச் சாமானும் கண்ணாடியும் விற்கும் கடைக்காரர். எல்லாரும் அவரை முதலாளி என்பார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். தோட்டத்தில் பிறந்து வெளியே போய்க் கடை வைத்தவர். பெட்டிகளின் கதவு சத்தமில்லாமல் நகரும் என்பதில் அவருக்குப் பெரிய பெருமை.

திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண் வந்தாள். வங்கியில் வேலை செய்பவர்கள் கட்டும் சேலை, கழுத்தில் அடையாள அட்டை. வேறு எதையும் பார்க்காமல் நேராகத் தப்பின் முன்னால் போய் நின்றாள். அட்டையைப் படித்தாள். பிறகு என் மேசைக்கு வந்து, தான் சண்முகத்தின் மகள் சர்மிளா என்றாள்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை முதலாளியின் மகன். இருவரும் விரும்பி, இரண்டு வீட்டிலும் பேசி முடித்தது. தாத்தா தப்படித்தவர் என்பது பையனுக்குத் தெரியும், அவன் வீட்டுக்குத் தெரியாது. அவர்கள் கேட்கவில்லை, இவர்கள் சொல்லவில்லை. இனிக் கேட்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போய்விட்டது. கல்யாணக் கார்டில் 'அமரர் காத்தமுத்து அவர்களின் பேத்தி' என்று தோட்டத்தின் பெயரோடு அச்சாகியிருந்தது. அந்தக் கார்டைப் பை நிறைய வைத்துக்கொண்டு முதலாளிதான் கடை கடையாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதே பெயர், அதே தோட்டம், அவரே செய்து கொடுத்த பெட்டிக்குள். விழாவில் அவர் முன்வரிசை.

"பேரை மட்டும் எடுத்திடுங்க மிஸ். தப்பு இருக்கட்டும்" என்றாள்.

எனக்குச் சொல்வதற்குப் பெரிய விஷயங்கள் பல இருந்தன. வரலாறு, தன்மானம், அந்த மாதிரி. வாயைத் திறக்குமுன் அவளே தொடர்ந்தாள்.

"உங்களுக்கு அது பழைய சாமான். ஸ்கூல்ல நான் கிளாசுக்குள்ள வந்தா பின்னால இருந்து மேசையில தட்டுவாங்க மிஸ். மெதுவாத்தான் தட்டுவாங்க. டீச்சருக்குக் கேக்காது."

பெரிய விஷயங்களை நான் சொல்லவில்லை.

பொருளைக் கொடுத்தவர் அவளுடைய அப்பா. அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. அதை அவருக்குத் தெரியாமல் நான் மீற முடியாது. அதே நேரம் இவள் வந்து கேட்டதை இவளுக்குத் தெரியாமல் அவரிடம் போய்ச் சொல்வதும் சரியில்லை. இரண்டையும் அவளிடம் சொன்னேன். நீயே அப்பாவிடம் பேசு, அவர் சரியென்றால் எடுத்துவிடுகிறேன் என்றேன். சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனாள். வரும்போது இருந்ததைவிடக் கோபமாகப் போனாள் என்று நினைத்தேன். அன்று முழுவதும் எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. வெற்றுப் பெட்டி ஒன்றை மூன்று தடவை துடைத்தேன்.

இரண்டொரு நாளில் சண்முகத்தின் லொறி வந்து நின்றது. அவர் அட்டையைப் பார்க்கக்கூட உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று, எடுத்துவிடுங்கள் என்றார். பெயர் இல்லாவிட்டால் தப்பைத் திருப்பிக் கொண்டுபோவதாகச் சொன்னீர்களே, கொண்டுபோகிறீர்களா என்று கேட்டேன். ரோட்டைப் பார்த்தபடி, புது வீட்டில் இடமில்லை என்றார்.

இங்கே தொழில் பற்றி ஒரு வார்த்தை. பழைய அட்டையை எடுத்துவிட்டேன், புதிதாக என்ன எழுதுவது? எங்கள் அலுவலகக் கணக்கு வழக்கெல்லாம் எழுதும் எழுதுநர், 'அடித்தவர் பெயர் தெரியவில்லை' என்று போடலாம் என்றார். பாதிப் பொருட்களின் அட்டையில் அப்படித்தான் இருக்கிறது, யாரும் கவனிக்க மாட்டார்கள் என்றும் சொன்னார். அவர் சொன்னது உண்மை, யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் பெயர் எங்களுக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரியவில்லை என்று ஒரு தடவை எழுதிவிட்டால், மற்ற அட்டைகளில் உண்மையாகவே தெரியாமல் எழுதியதையும் நம்ப முடியாது. ஓர் அட்டை பேசாமல் இருக்கலாம், பொய் சொல்லக் கூடாது. 'குடும்பத்தாரின் விருப்பப்படி பெயர் குறிப்பிடப்படவில்லை' என்று எழுதி ஒட்டினேன். தோட்டத்தின் பெயரையும் எடுத்துவிட்டேன். இதுவே போதும், யாருக்கும் எதுவும் தெரியாது என்று நிம்மதியாக இருந்தேன்.

விழாவன்று மழை இல்லை. அதிகாரி சொன்ன நேரத்துக்கே வந்துவிட்டதால் எங்கள் ஒழுங்கெல்லாம் குழம்பிப்போனது. ரிப்பன் வெட்டி, விளக்கேற்றி, ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நல்ல மனிதர், ஆர்வமாகக் கேட்டார். பின்னால் முதலாளி, அவர் பக்கத்தில் எங்கள் நிர்வாக சபைத் தலைவர், அதற்குப் பின்னால் சுற்றியுள்ள தோட்டத்து ஆட்கள், சண்முகத்தின் தோட்டத்தாரும் சேர்ந்து, ஓர் அறை நிறைய. சண்முகம் சுவரோரம் நின்றார். சர்மிளா அப்பாவோடு நிற்காமல் வாசல் பக்கம் நின்றாள்.

அதிகாரி தப்பின் முன்னால் நின்றார். பெயரை ஏன் எழுதவில்லை என்று என்னைக் கேட்டார். குடும்பத்தின் விருப்பம் என்று சிங்களத்தில் சொன்னேன். தலையாட்டிவிட்டு, இதை யாராவது அடித்துக் காட்ட முடியுமா, சத்தத்தைக் கேட்க ஆசையாக இருக்கிறது என்றார். நான் பதில் சொல்வதற்குள் முதலாளி பெட்டியின் கதவை நகர்த்தித் திறந்துவிட்டார். சத்தமே இல்லாமல் திறந்தது. அவருக்கு வேறு எண்ணம் எதுவும் இல்லை, கதவைக் காட்ட நினைத்தார்.

கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர், நல்ல மனதோடுதான், சத்தமாகச் சொன்னார்: "நம்ம சண்முகம் வீட்டுத் தப்புதானே. அவனையே அடிக்கச் சொல்லுங்க."

எல்லாரும் சண்முகத்தைப் பார்த்தார்கள். முதலாளியும் திரும்பிப் பார்த்தார். நான் அட்டையில் ஒரு வார்த்தை விடாமல் யோசித்து யோசித்து எழுதியிருந்தேன். அந்த அறையில் இருந்த பாதிப் பேருக்கு அட்டையே தேவைப்படவில்லை.

என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். நான் போய்ப் பெட்டிக்கும் அதிகாரிக்கும் நடுவில் நின்றேன். தோல் காய்ந்து ஓரத்தில் வெடித்திருக்கிறது, நெருப்பில் காய்ச்சாமல் அடித்தால் கிழிந்துவிடும், காய்ச்சினாலும் கிழிந்துவிடும், அடிக்க விட முடியாது என்றேன். லேசாக ஒரு தட்டு என்றார் அதிகாரி சிரித்துக்கொண்டே. முடியாது என்றேன் மறுபடியும். எங்கள் தலைவர் என்னைப் பார்த்த பார்வையில் என்னுடைய அடுத்த வருட வேலை இருந்தது. நான் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

தோல் உண்மையிலேயே அந்த நிலையில்தான் இருந்தது. ஆனால் அது நல்ல நிலையில் இருந்திருந்தாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஒருவர் எல்லார் முன்னாலும் வந்து குச்சியைக் கையில் எடுக்கும்படி ஆகக் கூடாது என்பதுதான் அப்போது என் மனதில் இருந்தது. பொருளைக் காப்பாற்றும் விதிகள் சில நேரம் ஆளையும் காப்பாற்றும். அதனால் விதிகளை நன்றாகப் படித்து வையுங்கள்.

அப்போது சண்முகமே சுவரோரத்திலிருந்து பேசினார்.

"எனக்கு அடிக்கத் தெரியாதுங்க."

அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை.

"எங்கப்பா என்னைத் தொட விட்டதில்ல. அடுப்புக்கு மேல, எனக்கு எட்டாத எடத்துல வச்சிருப்பாரு. நான் வளர வளர இன்னும் மேல ஏத்தி வச்சாரு. கடைசியில அவருக்கே எட்டல. ஸ்டூல் போட்டு எடுத்துட்டுப் போயி அடிச்சிட்டு வருவாரு."

அதிகாரி என் முகத்தைப் பார்த்தார். அதைச் சிங்களத்தில் சொல்வது என் பொறுப்பாயிற்று. வளர வளர என்பது வரை சொன்னேன். யாரோ ஒருவர் மீதியைச் சொல்லி முடித்தார்.

முதலாளி இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். அதை மெதுவாக இழுத்து மூடினார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, சர்மிளாவைப் பார்த்துக் கேட்டார்.

"தாத்தா பேரு என்னம்மா?"

கார்டை ஊர் முழுக்கக் கொடுத்தவர். அவருக்கு அந்தப் பெயர் தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை. சோதித்தாரா, அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தாரா, அல்லது எல்லார் முன்னாலும் ஏதாவது பேச வேண்டுமே என்று பேசினாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. சர்மிளா வாசலிலிருந்து நடந்து வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றாள்.

"காத்தமுத்து" என்றாள். வங்கியில் டோக்கன் நம்பரைக் கூப்பிடும் குரல். அறையின் கடைசி வரைக்கும் கேட்டது.

அதிகாரி அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார், கொஞ்சம் பிழையாக. பிறகு அடுத்த பெட்டிக்குப் போனார். அதில் ஒரு துரையின் தொப்பி இருந்தது. அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். முதலாளி வீட்டில் பல நாள் பேச்சு நடந்தது. கல்யாணம் தள்ளிப்போனது. மாப்பிள்ளை கொஞ்ச காலம் நண்பனின் அறையில் போய்த் தங்கினான். கடைசியில் முதலில் பேசிய மண்டபத்தைவிடச் சிறிய மண்டபத்தில் நடந்தது. முதலாளியின் மனைவி வந்தார், அவருடைய அண்ணன்மார் வரவில்லை. முதலாளி பந்தியில் சண்முகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். இருவரும் டீசல் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

பெயரைத் திரும்ப எழுதலாமா என்று சண்முகத்திடம் கேட்டேன். மகளைக் கேளுங்கள் என்றார். மகளைக் கேட்டேன். அப்பாவைக் கேளுங்கள் என்றாள். அப்படியே ஒரு பருவ மழை முடிந்துபோனது. ஒரு சனிக்கிழமை சர்மிளா கணவனோடு வந்தாள். பெயரை எழுதுங்கள், அதற்குக் கீழே இன்னொரு வரியும் சேர்க்க வேண்டும் என்றாள். அந்த வரியை அவளே சொன்னாள், நான் எழுதிக்கொண்டேன்.

நிர்வாக சபையில் அதற்கு எதிர்ப்பு வந்தது. இப்போது படித்த பிள்ளைகள் தப்பைக் கையில் எடுத்து மேடை மேடையாக அடிக்கிறார்கள், பெருமையாக அடிக்கிறார்கள், இந்த வரி அவர்களைக் குத்தாதா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் பிள்ளைகளின் தப்பு ஒன்றையும் கேட்டு வாங்கி, பக்கத்துப் பெட்டியில் வைத்து, அவர்கள் சொல்வதை அதில் எழுதலாம், இந்தப் பெட்டியில் இருப்பது காத்தமுத்துவின் தப்பு என்றேன். நீண்ட விவாதத்துக்குப் பிறகு ஒப்புக்கொண்டார்கள். பக்கத்துப் பெட்டி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்று கேள்விப்படுகிறேன். அது உங்கள் வேலை.

அட்டை ஒட்டிய அன்று சண்முகம் வந்தார். நான் தள்ளி நின்றேன். அவர் விரலை எழுத்துக்கு எழுத்து வைத்து, கண்ணாடியில் படாமல் படித்தார்.

'தப்பு. இதை அடித்தவர்: காத்தமுத்து. இதைத் தன் மகனுக்குக் கற்றுக்கொடுக்க மறுத்தவர்.'

படித்து முடித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, சிங்களத்திலும் இங்கிலீஷிலும் இதேதான் எழுதியிருக்கிறதா என்று கேட்டார். இதேதான் என்றேன்.

"சரிங்க மிஸ்" என்றார். லீக்ஸ் வாடிவிடும் என்று சொல்லிவிட்டு லொறியில் ஏறினார்.